வேண்டாதபோது விழுந்த விரிசல்

சூளையைத் திறந்ததும் முதலில் கேட்டது சத்தம்தான். டிங். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். அப்புறம் வரிசையாக, யாரோ மெல்லிய கம்பிகளைச் சுண்டிவிடுவதுபோல. நாற்பது கிண்ணங்கள். இன்னும் கைச்சூடு ஆறாத ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மண்ணின்மேல் பூசிச் சுட்ட வழவழப்பான பூச்சு, அதாவது கிளேஸ், முழுக்கச் சிலந்தி வலைபோல் மயிரிழைக் கோடுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு ஓடி, இன்னொரு கோட்டில் முட்டி நின்றது.

இது 2017-ல் நடந்தது. புதுச்சேரிக்கு வெளியே, வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நான் வேலை தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்தில் மண்பாண்டக் கலை என்றாலே பெரும்பாலும் ஸ்டோன்வேர்தான். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து கிளைத்த மரபு அது. 1,300 டிகிரியை ஒட்டிச் சுடுவார்கள். அந்தச் சூட்டில் மண்ணே பாதி கண்ணாடியாக இறுகிவிடும். என்னிடம் இருந்ததோ 1,100 டிகிரியைத் தாண்ட முடியாத சின்ன மின்சூளை. அதனால் ஏரி மண், தாழ்ந்த சூடு, 1,000 முதல் 1,060 டிகிரிக்குள் உருகும் கிளேஸ் என்று ஒதுங்கிக்கொண்டேன். ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை. மின் இணைப்பு அனுமதித்தது அவ்வளவுதான்.

அந்த நாற்பதில் இருபத்தைந்து கிண்ணங்களை விற்றுவிட்டேன். கோடுகள் அழகாக இருப்பதாக வாங்கியவர்களே சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே கோடெல்லாம் மஞ்சள். "சாம்பார் ஊத்துனேங்க. எவ்வளவு தேய்ச்சாலும் போகல. மோந்து பாருங்க" என்று நீட்டினார். மோந்து பார்த்தேன். பழைய பெருங்காய வாடை, புளித்த வாடை, இரண்டும் சேர்ந்து வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதி இருந்த கிண்ணங்களை நானே உடைத்துக் கொட்டகை வாசலில் பள்ளம் நிரப்பினேன்.

எனக்கு மண் தருகிறவர் பக்கத்து ஊர்ப் பெரியவர், பரம்பரையாகப் பானை வனைகிறவர். உடைக்காமல் வைத்திருந்த ஒரு கிண்ணத்தை அவரிடம் காட்டினேன். விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஊமையா இருக்கு. மேல பூசுனது ஒரு பக்கம் இழுக்குது, மண்ணு ஒரு பக்கம் இழுக்குது. எப்படிப் பேசும்?" என்றார். கிளேஸ் என்ற பொருளோடு அவருக்குப் பழக்கமே கிடையாது. ஆனாலும் அதற்குப் பின்னால் நான் படித்தெடுத்த பாடம் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. அது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது.

கிளேஸ் என்பது கண்ணாடிதான். சூளையில் உருகி மண்ணின்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆறும்போது இரண்டுமே சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒரு கணக்குப் போட்டால் புரியும். சாதாரண ஜன்னல் கண்ணாடி, டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு சுருங்கும். மண் ஆறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கிளேஸ் இறுகிய பிறகு இன்னும் 500 டிகிரி ஆற வேண்டும். 100 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி 0.45 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும், மண் 0.30 மட்டுமே சுருங்கும். மிச்சம் 0.15. மண்ணோடு ஒட்டிப்போன கண்ணாடி அந்த மிச்சத்துக்கு எங்கே போகும்? அளவு பத்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தவன் கதைதான். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் பல இடங்களில் விட்டுக்கொடுக்கிறது. அந்த டிங் சத்தம் அதுதான்.

வேண்டாமல் விழுந்தால் இதற்குக் கிரேஸிங் என்று பெயர், அது பிழை. வேண்டி விழவைத்தால் கிராக்கிள், விலை இரண்டு மடங்கு. இரண்டுக்கும் வேறு வித்தியாசம் கிடையாது.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது விரிசல் இல்லாத சாப்பாட்டுக் கிண்ணம். அதைச் சாதித்த கதை நீளம், சுருக்கிவிடுகிறேன். சோடியமும் பொட்டாசியமும் கிளேஸை அதிகம் சுருங்க வைக்கும். சிலிக்கா, போரான், மக்னீசியம் மூன்றும் சுருக்கத்தைக் குறைக்கும். போரான் என்றால் நம் ஊர் வெங்காரத்தில் இருக்கிறதே, அதுதான். வெங்காரத்தை அப்படியே கரைத்து ஊற்றக் கூடாது. தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும், வாளியின் அடியில் கற்கண்டுபோல் படியும். நான் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். அதை முன்கூட்டியே கண்ணாடியாக உருக்கிப் பொடித்த ஃபிரிட்டாகத்தான் வாங்க வேண்டும். போரான் ஃபிரிட்டுக்கு மாறினேன், சிலிக்காவைக் கூட்டினேன். அதே சமயத்தில் மண்ணையும் மாற்றினேன். பெரியவரின் ஏரி மண்ணோடு சலித்த மணல் நான்கில் ஒரு பங்கு கலந்தேன். விரிசல் நின்றுவிட்டது. எதனால் நின்றது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கிளேஸை மாற்றினேன், சரியானது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

2019-ல் உள்அலங்கார வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். கொட்டகை வாசலில் பதிந்து கிடந்த உடைசல்களைக் குனிந்து எடுத்துப் பார்த்தவர், "இது மாதிரி எட்டு விளக்கு அடி வேணும். இந்தக் கோடு கறுப்பா தெரியணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கிளேஸ் வாளி மூடியோடு மூலையில் அப்படியே இருந்தது. சரி, இரண்டு வாரத்தில் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிவிட்டேன்.

விரிசல் விழவில்லை.

அதே கிளேஸ், அதே சூளை, அதே சூடு. எட்டும் வழவழவென்று கண்ணாடிபோல் வந்து நின்றன. தேடிப் பார்த்ததில் ஒன்றின் தோள்பட்டையில் மட்டும் இரண்டு கோடு. அடுத்த முறை, வேகமாக ஆறினால் விழும் என்று நினைத்து, சூளை 300 டிகிரியில் இருக்கும்போதே மூடியைத் தூக்கினேன். விரிசல் விழுந்தது உண்மை. கிளேஸில் மட்டும் விழாமல் விளக்கின் கழுத்திலிருந்து அடிவரை, மண்ணோடு சேர்ந்து இரண்டாகப் பிளந்தது. அடிப்பாகம் சூடான தட்டின்மேல் உட்கார்ந்திருக்க, விளிம்பு மட்டும் வெளிக்காற்றில் ஆறியதன் விளைவு. எட்டில் ஐந்து போயிற்று. சூளைத் தட்டு ஒன்றும் கூடவே போனது. அவசரத்தில் யாரும் இதைச் செய்யாதீர்கள். 150 டிகிரிக்கு மேல் நான் இப்போது மூடியைத் தொடுவதே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மணல் ஞாபகம் வந்தது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். சுட்ட மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் ஆறும்போது 573 டிகிரியில் ஒருமுறை சட்டென்று சுருங்கும், அதற்குக் கீழேயும் மற்றவற்றைவிட வேகமாகச் சுருங்கிக்கொண்டே வரும். மண்ணும் நன்றாகச் சுருங்கினால் கிளேஸுக்கு இழுப்பு ஏது? நான் 2017-ல் விரிசலைக் குணப்படுத்தியதில் கிளேஸின் பங்கு பாதிதான் இருந்திருக்கும். மிச்சத்தை மணல் செய்திருக்கிறது. பெரியவர் சொன்ன 'ஒரு பக்கம், இன்னொரு பக்கம்' அப்போதுதான் மண்டையில் ஏறியது. விரிசலுக்கு என்று தனியாக ஒரு கிளேஸ் கிடையாது. இந்த மண்ணின்மேல் விரியும் கிளேஸ் என்றுதான் சொல்ல முடியும்.

ஜெய்ப்பூர் நீலப் பாண்டங்களை இதோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சோடியம் நிறைந்த, தாழ்ந்த சூட்டில் உருகும் கிளேஸ்தான் அவையும். நம் ஏரி மண்ணில் பூசினால் தூள்தூளாக விரியும். அங்கே விரிவதில்லை என்பதே அவற்றின் பெருமை. காரணம், அவர்கள் பாண்டத்தில் மண் என்பது பேருக்குத்தான். குவார்ட்ஸ் பொடி, கண்ணாடித் தூள், கொஞ்சம் முல்தானி மட்டி, பிசின் என்று பிசைந்து செய்கிறார்கள். உடம்பே குவார்ட்ஸ், அதனால் கிளேஸோடு சேர்ந்து சுருங்குகிறது. ஒரே சட்டை, உடம்புதான் வேறு.

அதற்கப்புறம் ஊகிப்பதை விட்டேன். மணல் கலக்காத மண்ணில் ஐந்து, கலந்த மண்ணில் ஐந்து என்று சின்னச் சின்ன ஓடுகள் செய்தேன். இரண்டு கிளேஸ் கரைத்தேன். ஒன்று சோடியம் மிகுந்த ஃபிரிட்டில், இன்னொன்று போரான் மிகுந்த ஃபிரிட்டில். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஃபெர்ரோ கம்பெனி ஃபிரிட்டுகளின் 3110, 3134 என்ற எண்கள் வரும். முதலாவது சோடியம் வகை, இரண்டாவது போரான் வகை. எனக்கு அந்த எண்களில் கிடைக்கவில்லை. கடைக்காரரிடம் அவருடைய ஃபிரிட்டின் வேதியியல் பகுப்பாய்வுத் தாளைக் கேட்டு வாங்கி, எது அதற்குப் பக்கத்தில் வருகிறது என்று ஒப்பிட்டு எடுத்தேன். தாள் தர மறுக்கிற கடையில் ஃபிரிட் வாங்காதீர்கள். தாழ்ந்த சூட்டு ஃபிரிட்டுகளில் ஈயம் சேர்ந்தவையும் விற்பனையில் உண்டு. நன்றாக மின்னும், விலையும் குறைவு. மூட்டைமேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பினால் போதாது.

இரண்டு கிளேஸையும் 100-க்கு 0, 75-க்கு 25, 50-க்கு 50 என்று கலந்து ஐந்து படிகளில் பூசிச் சுட்டேன். மணல் இல்லாத மண்ணில் முழுச் சோடியம் பூசிய ஓடு சேமியா உதிர்த்ததுபோல் நெருக்கமாக விரிந்திருந்தது. முக்கால் பங்கில் கோடுகளுக்கு இடையே ஒரு விரல் அகலம். பாதிப் பங்கில் ஓட்டுக்கு இரண்டு மூன்று நீளக் கோடுகள்தான். சோடியம் அதைவிடக் குறைந்தவற்றில் ஒன்றுமில்லை. மணல் கலந்த மண்ணில் முழுச் சோடியம் பூசியது மட்டும் விரிந்திருந்தது. இந்தப் பத்து ஓட்டையும் ஒரு பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் எவ்வளவு நெருக்கமான கோடு வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினால் போதும். இரண்டு வருடம் தவித்துத் தெரிந்துகொண்டதை ஒரு வார வேலையில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இப்போது நான் வைத்திருக்கும் அளவு எடைக்கு நூறு என்று கணக்கிட்டால்: சோடியம் ஃபிரிட் 80, சீனக் களிமண் 15, சிலிக்கா 5. உங்கள் மண்ணில் இது அப்படியே வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். மேலே சொன்ன கதையே அதற்குச் சாட்சி. நெருக்கமாக விரிந்தால் சிலிக்காவை இரண்டிரண்டாகக் கூட்டிப் பாருங்கள். வாளியில் அடியில் கல்லாக இறுகிவிடும் கிளேஸ் இது, பூசும்போது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பொடியாகக் கையாளும்போது முகத்தில் நல்ல முகமூடி வேண்டும். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. துண்டைக் கட்டிக்கொண்டு சமாளிக்கிற வேலை இல்லை.

கனமாகப் பூச வேண்டும். மெல்லிய பூச்சில் விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் இரண்டு முறை முக்குகிறேன், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அவ்வளவு கனத்தில் கிளேஸ் வழியும், அதனால் அடியிலிருந்து ஒரு விரல் உயரம் பூசாமல் விட்டுவிட வேண்டும். வெள்ளை நிறம் வேண்டுமென்று கிளேஸில் சிர்கோனியம் கலந்து பார்த்தேன், விரிசல் பாதியாகக் குறைந்தது. அதுவும் சுருக்கத்தைக் குறைக்கிற சரக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது சிவப்பு மண்மேல் வெள்ளைக் களிமண் கரைசலை முதலில் பூசி, அதன்மேல் தெளிவான கிளேஸ் பூசுகிறேன். கிளேஸில் நூற்றுக்கு இரண்டு பங்கு காப்பர் கார்பனேட் சேர்த்தால் மயில் கழுத்து நீலம் வரும். இதே காப்பர், சோடியம் குறைந்த கிளேஸில் வெறும் பச்சைதான். பழைய பாரசீகப் பாண்டங்களின் நீலமும் இந்தச் சோடியக் கிளேஸில் காப்பர் சேர்ந்ததுதான். அவற்றில் பலவற்றில் மயிரிழை விரிசலும் இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

விளையாட்டாக ஒன்று. தட்டையான சின்னக் கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டு நான்கைந்தைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். உருகிக் குளமாகத் தேங்கி, ஆறும்போது பளிங்கு உடைந்ததுபோல் விரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும்போது இதைத்தான் முதலில் செய்துகாட்டுகிறேன், கணக்கெல்லாம் அப்புறம். ஓரத்தில் போட்டால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் போட வேண்டும். கண்ணாடிச் சில்லு மேலே கூர்மையாக நிற்கலாம் என்பதால் அதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கோடுகளுக்கு நிறம் ஏற்றுவதில்தான் எனக்கு மிக அதிகமாகப் பொருள் வீணானது. ஸ்டோன்வேரில் மண் தண்ணீர் குடிக்காது. மேலே மையைத் தடவித் துடைத்தால் கோட்டில் மட்டும் நிற்கும். தாழ்ந்த சூட்டு மண் பஞ்சு மாதிரி. முதல் விளக்கை மைக் கரைசலில் முக்கி ஒரு மணி நேரம் வைத்தேன். கோடு வழியாக உள்ளே இறங்கிய மை, பூசாமல் விட்ட அடி வழியாகவும் ஏறி, கிளேஸுக்குப் பின்னால் சாம்பல் மேகமாகப் பரவிவிட்டது. வெள்ளை விளக்கு அம்மை போட்டதுபோல் ஆனது. பேனா மையில் செய்த இன்னொன்று, ஜன்னல் ஓரத்தில் நான்கு மாதம் இருந்து ஊதாவாக வெளுத்தது.

இப்போது செய்வது இப்படி. அடிப்பாகத்தில் உருக்கிய மெழுகைத் தடவி விடுகிறேன். பாண்டத்தைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து எடுத்து மேல்பரப்பைத் துடைக்கிறேன். வயிறு நிறையத் தண்ணீர் குடித்த மண் மையை அவ்வளவாகக் குடிக்காது. கரி கலந்த கறுப்பு வரைமையைத் தண்ணீர் சேர்க்காமல் தூரிகையால் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். கரி வெயிலில் வெளுப்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம், சீனர்களிடம் எடுத்தது. அவர்களுடைய 'கே' வகைப் பாண்டங்களில் பெரிய கோடு கறுப்பாகவும் அதற்கு நடுவில் சின்னக் கோடுகள் பழுப்புப் பொன்னாகவும் இருக்கும். 'தங்க நூல், இரும்புக் கம்பி' என்று அதற்குப் பெயர். அவை உயர்ந்த சூட்டுப் பாண்டங்கள், நம் வகை இல்லை, ஆனால் வழி நமக்கும் பொருந்துகிறது. சூளையிலிருந்து வந்த அன்று விழுந்திருப்பவை பெரிய கோடுகள். அன்றே கறுப்பு ஏற்ற வேண்டும். அப்புறம் பாண்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் மறந்துவிட வேண்டும். அதற்குள் நடுவில் புதுக் கோடுகள் விழுந்திருக்கும். அதற்குப் பால் சேர்க்காத, கெட்டியாகக் கொதிக்கவைத்த தேயிலைத் தண்ணீர். டீ நன்றாக ஆறிய பிறகு தடவுங்கள். தேயிலையில் துருப்பிடித்த ஆணி கிணி கிடந்தால் பழுப்பு கறுப்பாகிவிடும், பாத்திரத்தைப் பார்த்து எடுங்கள்.

ராக்கு முறையும் செய்து பார்த்தேன். தொடங்கியது ஜப்பானில், 16-ஆம் நூற்றாண்டில், தேநீர்க் கிண்ணங்களுக்காக. சூடான பாண்டத்தைப் புகையில் போட்டுக் கோடுகளைக் கறுப்பாக்குவது மட்டும் பிற்பாடு அமெரிக்கர்கள் சேர்த்தது. கேஸ் சூளையில் 1,000 டிகிரியை ஒட்டிச் செந்தணலாக இருக்கும்போதே நீளமான இடுக்கியால் எடுத்து, பத்துப் பதினைந்து விநாடி காற்றில் பிடித்து விரியவிட்டு, மரத்தூள் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். எங்கள் பக்கம் சவுக்குத் தூள் மலிவு. புகை கோட்டுக்குள் புகுந்து கரியாக நின்றுவிடும், மையும் வேண்டாம் மெழுகும் வேண்டாம். பார்க்கவும் அழகுதான். ஆனால் வெறும் ஏரி மண் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. சுட்ட மண் பொடி மூன்றில் ஒரு பங்கு கலந்த பிறகே பிழைத்தது. பருத்தி உடை, தோல் கையுறை, முகக் கவசம், பக்கத்தில் தண்ணீர் வாளி, உதவிக்கு இன்னொரு ஆள் இல்லாமல் தொடவே கூடாது. நான் நான்கு முறையோடு நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடியில் காயப்போட்ட வடகம் முழுக்கப் புகை வாடை. நான்காவது முறைக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

எட்டு விளக்குகளையும் மூன்று மாதம் தாமதமாகக் கொடுத்து முடித்தேன். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு வாரமாக ஈரக் காற்று, உப்புக்கூடக் கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டுப் புறப்படும்போது டிங் என்றது. சூளை போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. டார்ச் அடித்துத் தேடினேன். சத்தம் வந்தது கிராக்கிள் அலமாரியிலிருந்து இல்லை, எதிர்ப்பக்கம், விரிசல் இல்லாமல் வந்ததென்று நான் பெருமையாக அடுக்கி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டுகளிலிருந்து.

தாழ்ந்த சூட்டில் சுட்ட மண் தன் நுண்துளைகள் வழியாக ஈரத்தை இழுத்து மெல்ல மெல்ல உப்பும். மிகக் கொஞ்சம்தான். ஆனால் மேலே ஒட்டியிருக்கும் கிளேஸ் உப்பாது. சூளையில் ஆறியபோது தப்பித்த கிளேஸ் மாதக் கணக்கில் இழுபட்டு, ஒருநாள் விட்டுக்கொடுக்கும். கடற்கரைக் காற்றும் மழைக்காலமும் அதற்குத் தோது. அதாவது, சூளை திறந்த அன்று விரிசல் இல்லை என்பதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

தொழிற்சாலைகளில் ஓடுகளை நீராவி அழுத்தத்தில் வைத்து இதைச் சோதிப்பார்கள் என்று படித்தேன். நீராவி அழுத்தம் என்றால் நம் வீட்டில் இல்லாததா? அம்மா ஒதுக்கிப்போட்ட பழைய ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்தேன். அடியில் தண்ணீர், அதற்குமேல் இட்லித் தட்டு, அதன்மேல் ஓடு. வெயிட் போட்டு, சின்னத் தீயில் ஒரு மணி நேரம். நடுவில் தண்ணீர் வற்றாத அளவுக்கு முதலிலேயே ஊற்றிவிட வேண்டும். ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. எடுத்து ஆறவைத்து மை தடவிப் பார்த்தால், அந்தக் கிளேஸ் மாதங்கள் கழித்து என்ன ஆகும் என்பது அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும். என் 'விரியாத' தட்டுகளில் பத்துக்கு ஏழு அந்தக் குக்கரில் விரிந்தன. "அதுல இனிமே பருப்பு வேகவைக்கச் சொல்லாதே" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். குக்கர் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டது.

அந்தச் சோதனைக்குப் பிறகு என் வேலை இரண்டாகப் பிரிந்தது. சாப்பாட்டுப் பாத்திரமா, மண்ணை 1,060 டிகிரியில் நன்றாகச் சுட்டுவிட்டு, போரான் கிளேஸ் பூசி, குக்கரில் பாஸ் ஆன கலவை மட்டும். அலங்காரமா, மண்ணை முதல் சூட்டில் 1,000 டிகிரியோடு நிறுத்தி, சோடியம் கிளேஸைக் கனமாகப் பூசி, மழைக்காலத்தை என் பக்கம் சேர்த்துக்கொள்வது. அலங்காரப் பாண்டங்களை மழைக்கு முன்னால் சுட்டு, மழை முடிந்த பிறகு டீ ஏற்றுகிறேன். கோடை வெயிலில் அவ்வளவு சின்னக் கோடுகள் எனக்கு விழுந்ததில்லை.

ஒரு உணவகத்தார் வந்து கிராக்கிள் தட்டு முந்நூறு கேட்டார்கள். நல்ல தொகை. அந்த வருடக் கரண்ட் பில் முழுக்க அதில் அடைந்திருக்கும். முடியாது என்று சொன்னபோது, வேறொருவர் செய்துதர ஒப்புக்கொண்டதாகச் சொன்னார்கள். செய்திருப்பார். விரிந்த கிளேஸுக்குக் கீழே பஞ்சுபோன்ற மண், அதில் எண்ணெயும் புளியும் தயிரும் இறங்கி உட்கார்ந்துகொண்டால் எந்தச் சோப்பும் எட்டாது. அந்தச் சாம்பார்க் கிண்ணத்தை மோந்த மூக்கு எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜாடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிராக்கிள் ஜாடியில் தண்ணீர் ஊற்றினால் பானையில் ஊற்றியதுபோல்தான், கசியும். பானை கசிந்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஜாடி கசிந்தால் தேக்கு மேசையில் வெள்ளை வளையம் விழும். அதனால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துத்தான் விற்கிறேன். பூவும் தண்ணீரும் குழாய்க்குள். போதாததற்கு ஒவ்வொரு ஜாடியின் அடியிலும், மண் பச்சையாக இருக்கும்போதே, 'தண்ணீர் ஊற்றாதீர்' என்று ஆணியால் கீறிவிடுகிறேன்.

போன பொங்கலுக்கு ஒரு வாடிக்கையாளர் போட்டோ அனுப்பினார். மயில் கழுத்து நீல ஜாடி, நிறைய மஞ்சள் சாமந்தி, கோடெல்லாம் அருமையாகத் தெரிந்தது. கண்ணாடிக் குழாய் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. கீழே ஒரு வரி: "ஜாடி ரொம்ப அழகு மேடம், ஆனா மேசை ஏன் ஈரமா ஆகுது?"